கல்முனையில் முப்பது பேரைத் தேடி

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கைப்பையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்தது. மொத்தம் முப்பது பெயர்கள். அந்த முப்பது பேரும் உண்மையிலேயே மனிதர்கள்தானா என்று நேரில் பார்த்து எழுதி அனுப்புவதற்காகத்தான் சென்னையிலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வந்திருந்தேன். விமான நிலையத்தில் வந்த காரணத்தைக் கேட்ட அதிகாரியிடம் "நண்பர்களைப் பார்க்க" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா மெய்யா என்பது எனக்கே வெள்ளிக்கிழமைதான் தெரியவிருந்தது.

நான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு பிரவுசர் தயாரிக்கிறது. பெரிய முதலைகளோடு மோத எங்களிடம் பணம் கிடையாது, ஆட்கள்தான் உண்டு. உலகம் முழுக்கச் சம்பளம் வாங்காத ஆட்கள். பிரவுசரைத் தங்கள் மொழிக்கு மாற்றித் தருவார்கள், பிழை கண்டால் எழுதுவார்கள், புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தக் கூட்டத்தைச் சேர்ப்பதும் கலையாமல் பார்த்துக்கொள்வதும் என் பிழைப்பு. நைரோபியிலும் ஜகார்த்தாவிலும் லிஸ்பனிலும் கூட்டம் போட்டிருக்கிறேன். பீட்ஸா, டீ-ஷர்ட், ஸ்டிக்கர் எல்லாம் கொடுப்போம். பீட்ஸா தீர்ந்ததும் பாதிப் பேரைக் காணாது. மீதிப் பாதியை வைத்துத்தான் எங்கள் உலகக் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது.

தமிழுக்கு அந்தப் பாதிகூடக் கிடையாது. சாய்ந்தமருதில் ஜுனைதீன் என்றொரு கணக்கு வாத்தியார் இருந்தார், அவர் ஒருவர்தான். பீட்ஸாவைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வருடக்கணக்காகத் தனியாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடிதத்தில் சண்டை போட்டிருக்கிறேன். ஒருவர் தன் கணக்கை மூடிவிட்டுப் போகும்போது கடைசியாக வரும் பக்கத்தில், "நீங்கள் விலகுவதில் வருந்துகிறோம்" என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதற்கு அவர் தமிழில் "போய் வாருங்கள்" என்று எழுதியிருந்தார். கணக்கை மூடுகிறவர் திரும்பி வரப் போவதில்லை, மாற்றுங்கள் என்று எழுதினேன். ஒருவரை அனுப்பி வைக்கும்போது இதைத் தவிர வேறு எதைச் சொல்வீர்கள் என்று அவர் எழுதினார். மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு, சம்பளமில்லாத மனிதரோடு எதற்கு மல்லுக்கு நிற்பது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் பிற்பகலில், ஒரே வீட்டு இணைப்பிலிருந்து இருபத்தொன்பது புதுக் கணக்குகள் தமிழுக்கு முளைத்தன. அன்றிலிருந்து ஜுனைதீன் சாரையும் சேர்த்து முப்பது பேரும் வெள்ளிக்கிழமை தோறும் பிற்பகலில் வேலையை ஆரம்பிப்பார்கள். ஆளுக்குச் சரிசமமான பங்கு. சூரியன் விழும் நேரத்தில் எல்லாரும் ஒரே நிமிடத்தில் நிறுத்துவார்கள். போலிகளைப் பிடிக்க நாங்கள் வைத்திருக்கும் நிரல் இதைப் பார்த்துவிட்டு, இது ஒரே ஆள் போட்ட முப்பது வேஷம் என்று சிவப்புக் கொடி காட்டியது. முப்பது கணக்குகளையும் முடக்கும் பொத்தானை அழுத்தியது நான்தான். தமிழுக்குப் பொறுப்பாளர் அவர் என்ற முறையில் ஜுனைதீன் சாருக்கு, நீங்கள் உண்மையான ஆள்தான் என்று நிரூபியுங்கள் என்று கடிதமும் எழுதினேன். பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக நஸ்ரியா என்ற பெண்ணிடமிருந்து இரண்டே வரி வந்தது. "நாங்கள் முப்பது பேரும் இருக்கிறோம். வந்து பாருங்கள்."

என் மேலாளர் நல்ல மனிதர், ஆனால் பட்டியல்களை நம்புகிறவர். "வெள்ளிக்கிழமை முடிவதற்குள் முப்பது பேரைப் பார்த்தேன் என்று எழுது. இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் தமிழ் இருக்காது," என்று சொல்லி அனுப்பினார்.

நஸ்ரியா பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார், முப்பது வயதிருக்கும். கைகொடுத்ததும் நான் பட்டியலை எடுத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "முதல்ல சாப்பிடுவம் மிஸ். பட்டியல் எங்க போகப் போகுது," என்றார். புட்டும் மீன் ஆணமும் வந்தன. ஆணம் என்றால் இங்கே குழம்பு. அதற்குப் பிறகு எருமைத் தயிரும், அதன் மேல் ஊற்றப் பாணி என்கிற வெல்லப் பாகும். சட்டியைச் சாய்த்தும் அசைய மறுத்த அந்தத் தயிரைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதலாம். சென்னையில் பாக்கெட்டை வெட்டி ஊற்றுவதையும் நாங்கள் தயிர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அன்று மாலைக்குள் டியூட்டரியின் மேல்மாடியில் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு தபால் ஊழியர், இரண்டு தையல்காரப் பெண்கள், ஒரு புடவைக் கடைக்காரர், மீதிப் பேர் ஆசிரியர்கள். அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று நான் கேட்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அப்படி நான் கூசியதில்லை. அவர்கள் கூசவில்லை. வாக்குச் சாவடிக்கு வந்தவர்கள் போல வரிசையாக வந்து காட்டிவிட்டு, உட்கார்ந்து, பிரவுசரில் எந்த இடத்தில் எழுத்துச் சிறுத்துத் தெரிகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். கணக்குகள் முடக்கப்பட்ட பிறகும் வெள்ளி தவறாமல் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு முழு நோட்டு நிறைந்திருந்தது. நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வாசலைச் சாத்திவிட்ட ஒரு வீட்டுக்காக யாராவது இப்படி வெளியே நின்று வேலை செய்வார்களா?

"ஜுனைதீன் சாரை எப்போது பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

"சேர்ட வீட்ட போவம் மிஸ். வெள்ளிக்கிழமை," என்ற நஸ்ரியா, "வட்டிலப்பம் சாப்பிடுவிங்கதானே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

இரண்டாம் நாள் காலையில் கடற்கரைக்குப் போனோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் இரண்டு முனைகளிலும் ஆட்கள் சாய்ந்து நின்று ஒரே தாளத்தில் அடியைப் பின்னால் வைத்து வந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரின் மகள் சுதர்சினி, கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலில் செல்போனும் கையுமாக இருந்தாள். பட்டியலில் பதினான்காவது ஆள். "இஞ்சதான் அக்கா சிக்னல் நல்லா வரும்," என்றாள். நான் ஒரு பிடி ஸ்டிக்கர் கொடுத்தேன். லிஸ்பனில் அதை மடிக்கணினியில் ஒட்டுவார்கள். சுதர்சினியின் அப்பா அதை வாங்கி, மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளைப் பெட்டியின் மூடியில் வெடிப்பு விட்டிருந்த இடத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திவிட்டு, "நல்ல பசை," என்றார். எங்கள் சின்னத்துக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுதான் நேர்மையானது.

"எந்தப் பகுதி நீ செய்வது?" என்று சுதர்சினியிடம் கேட்டேன்.

"எனக்குப் பதினேழாவது ஜுஸு."

நெற்றியில் விபூதி வைத்த பெண் அதைச் சொன்னதும் நான் விழித்தேன். நஸ்ரியா சிரித்துக்கொண்டே விளக்கினார். குர்ஆனில் முப்பது பாகம் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு ஜுஸு. ஒருவர் மவுத்தானால், அதாவது இறந்துபோனால், அவர் பேரில் முழு குர்ஆனையும் ஓதி முடிப்பார்கள். அதற்குப் பெயர் கத்தம். ஒருவரே ஓதினால் நாட்கணக்காகும். முப்பது பேர் ஆளுக்கொரு ஜுஸுவை எடுத்தால் ஓர் அமர்வில் முடிந்துவிடும். "அது மாதிரித்தான் இதையும் பிரிச்சம். ஜுஸு எண்டு சொல்லாதீங்க, பங்கு எண்டு சொல்லுங்க எண்டு ஒரு மௌலவி சொன்னார். சரி எண்டுதான் சொன்னம். வாயில வாறது ஜுஸுதான்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சரிசமமான பங்கு. முப்பது பேர். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆரம்பித்து, சூரியன் விழும்போது மஃரிப் பாங்கு கேட்டதும் நிறுத்துவது. எங்கள் நிரல் வேஷம் என்று கண்டுபிடித்தது அத்தனையும் அங்கே அப்படியே இருந்தது. ஒரு பெரிய வேலையை எப்படிப் பங்குபோடுவது என்று எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு இரண்டு பயிலரங்கு நடத்துவோம். வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டி ஒட்டி எடுப்போம். இந்த ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"யாருடைய கத்தத்தில் இந்த யோசனை வந்தது?" என்று கேட்டேன்.

சுதர்சினி வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரி புள்ள," என்று நஸ்ரியா அவளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. உடனே எங்கிருந்தோ சுடச்சுடப் பொரித்த கீரி மீன் ஒரு தட்டில் வந்தது. இந்த ஊரில் யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்கும்போதெல்லாம் சாப்பிடக் கொடுத்தார்கள்.

பிற்பகலில் மாவடிப்பள்ளிக்கு ஆட்டோவில் போகும்போது பாதி வழியில் நின்றுவிட்டோம். நெல் வெட்டும் இயந்திரம் ஒன்று வயலிலிருந்து ஏறி ரோட்டுக்குக் குறுக்கே நின்றிருந்தது. எங்கள் ஓட்டுநர் இறங்கிப் போனார். ஹாரன் அடிக்கப் போகிறார் என்று பார்த்தால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தில் சுற்றிய வைக்கோலைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த இன்னொரு ஆட்டோக்காரரும் இறங்கினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சென்னையில் அந்த நேரத்துக்குள் நாலு சண்டையும் ஒரு வீடியோவும் வந்திருக்கும்.

மாவடிப்பள்ளியில் உதுமாலெவ்வை காக்காவைப் பார்த்தேன். காக்கா என்றால் இங்கே அண்ணன். ஐந்து ஏக்கர் வயல்காரர். தட்டச்சு செய்யத் தெரியாது. மகள் வரியை வாசிக்க, இவர் வயல் வரப்பில் நின்று தீர்ப்புச் சொல்வார், மகள் அதைத் தட்டுவாள். "பக்கம் பதில் தரவில்லை எண்டு எழுதியிருந்திச்சு," என்று என்னிடம் முறையிட்டார். "ஆரு அதுட்டக் கேள்வி கேட்ட? பக்கம் நிண்டுட்டு எண்டு சொன்னா ஆருக்கும் விளங்கும். மெசின் நிண்டுட்டு, மழை நிண்டுட்டு, அது போல." இருபது வருடமாக உலகத்தையே திணறடித்த ஒரு வரியை அந்த மனிதர் வாய்க்கால் மடையை மாற்றிக்கொண்டே சரிசெய்திருந்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. காலில் சேறு.

மூன்றாம் நாள் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்காரர்கள் நான்கு பேர், வழியில் மற்றவர்கள் என்று பார்த்து முடித்தபோது இருபத்தொன்பது பெயர்களுக்கு நேரே குறி போட்டாயிற்று. மிச்சம் முதல் பெயர் ஒன்றுதான். அன்று மாலை நான் மறுபடியும் கேட்கவில்லை. சாப்பிடக் கொடுப்பார்கள், வயிற்றில் இடமில்லை. ஆனால் ஏதோ ஒன்று எனக்குப் புரியத் தொடங்கியிருந்தது. அது புரியாமலேயே இருக்கட்டும் என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நஸ்ரியா என்னைச் சாய்ந்தமருதுக்கு அழைத்துப் போனார். நீல நிறக் கேட் போட்ட சின்ன வீடு. முற்றத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே நான் பார்த்த முகங்களே இருந்தன. தையல்காரப் பெண்கள், சுதர்சினி, மாவடிப்பள்ளிக் காக்காவின் மகள். ஆண்கள் வெளி விறாந்தையில் இருந்தார்கள். முன்னறை மேசையில் பழைய மடிக்கணினி ஒன்று. அதன் பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் எழுந்து நின்றார். ஹமீதா, ஜுனைதீன் சாரின் மனைவி.

"உங்கட கடிதம் வந்தது புள்ள," என்றார். "அவர் உண்மையான ஆள்தானா எண்டு கேட்டிருந்தீங்க. ஓம், உண்மையான ஆள்தான். மவுத்தாகிட்டார்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

பிறகுதான் கதை முழுதாக வந்தது. சாரின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு இந்த வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. ஓதி முடித்துச் சாப்பிட்ட பிறகு, அரைவாசியில் நின்ற மொழிபெயர்ப்போடு மடிக்கணினி திறந்தபடியே கிடந்தது. ஹமீதா அதைக் காட்டி, "இதையும் அவர் முடிக்காமப் போய்ட்டார். இதையும் முப்பதாப் பிரிப்பமா?" என்று கேட்டிருக்கிறார். ஓதிய பலர் வெள்ளிக்கிழமை தோறும் செய்வதாகப் பொறுப்பெடுத்தார்கள். இயலாதவர்களின் பங்கை மற்றவர்கள் எடுத்தார்கள். அம்மாவோடு வந்து முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சுதர்சினி, சாரிடம் கணக்குப் படித்தவள், தானாக எழுந்து வந்து ஒரு பங்கு கேட்டாள். அன்று பிற்பகலே, அந்த வீட்டு இணைப்பிலிருந்தே, இருபத்தொன்பது கணக்குகளைத் திறந்தார்கள்.

ஒரு சாவு வீட்டைத்தான் நான் போலி என்று முடக்கியிருக்கிறேன்.

முப்பதாவது பங்கை ஹமீதா எடுத்துக்கொண்டார். இத்தா என்று நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டில் இருந்த காலத்தில், கணவரின் கணினியில், அது ஏற்கெனவே திறந்து வைத்திருந்த கணவரின் கணக்கிலேயே, வரி வரியாகப் பழகியிருக்கிறார். புதுக் கணக்குத் திறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றியது, ஆனால் பயம். பொறுப்பாளர் இல்லை என்று தெரிந்தால் தமிழை எடுத்துவிடுவார்களோ என்று. அதனால்தான் மூன்று நாளாக எனக்கு அத்தனை சாப்பாடு.

நான் பட்டியலை விரித்தேன். ஜுனைதீன் என்ற பெயருக்கு நேரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. குறி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. மேலாளர் கல்முனைக்கு வந்து பார்க்கப் போவதில்லை.

"முப்பது எண்டு எழுதினாச் சரிதானே மிஸ்?" என்றார் நஸ்ரியா. "வேலையும் முப்பது பேர்தானே செய்றம்."

எழுதத்தான் போனேன், மறைக்க ஒன்றுமில்லை. பேனாவை எடுத்தும்விட்டேன். ஹமீதா பட்டியலின் மேல் கையை வைத்தார்.

"அவர்ர பேரில ஓதலாம் புள்ள. அவர் ஓதினார் எண்டு எழுத ஏலாது."

தமிழ் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம், அவருக்கும்தான். அந்தக் கணக்கில் கணவரின் இத்தனை வருட வேலையும் கிடந்தது. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

"அப்படியானால் பொறுப்பாளர் யார் என்று கேட்பார்கள்," என்றேன்.

"நான் இரிக்கன்," என்றார்.

அவருக்கென்று ஒரு கணக்குத் திறந்தோம். பெயர் கேட்ட கட்டத்தில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஆங்கிலத்தில் நான் உண்மையை எழுதினேன். பழைய பொறுப்பாளர் காலமாகிவிட்டார், முப்பது பேரையும் நேரில் கண்டேன், முப்பதாவது ஆளும் புதுப் பொறுப்பாளரும் அவருடைய மனைவி, கணக்குகளை முடக்கியது என் தவறு. அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். பெரிய தட்டில் சோறு, தட்டைச் சுற்றிப் பெண்கள் ஆறு பேர். என் பக்கத்துச் சோற்றில் யார் யாரோ இறைச்சித் துண்டை நகர்த்தி வைத்தபடி இருந்தார்கள். உலகக் கூட்டங்களில் பீட்ஸா பெட்டியைச் சுற்றி நிற்கும்போது இது ஒரு நாளும் நடந்ததில்லை.

கை கழுவும்போது பதில் வந்தது. நான் வாய்விட்டு மொழிபெயர்த்தேன். "தமிழ் இருக்கும். அந்தக் குடும்பத்திடம் என் வருத்தத்தைச் சொல். கணக்குகளை இன்றே திறந்துவிடு." சுதர்சினி அழுதாள். விறாந்தையிலிருந்து உதுமாலெவ்வை காக்காவின் குரல் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கேட்டது.

அஸருக்குப் பிறகு ஹமீதா என்னை மறுபடி மடிக்கணினிக்குக் கூப்பிட்டார். கணவரின் கணக்கைத் தானே மூட வேண்டும் என்றார். அவர் செய்தது எல்லாம் அவர் பேரிலேயே நிற்கும், கணக்கு மட்டும்தான் மூடும் என்று சொன்னேன். தலையசைத்தார். ஏன் மூடுகிறீர்கள் என்று ஒரு பக்கம் கேட்டது. இப்போது பயன்படுத்துவதில்லை, பாதுகாப்பு, வேறு பிரவுசருக்கு மாறிவிட்டேன் என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையைத் தயாரித்தவள் நான். அதில் சாவு இல்லை. யாரும் சாகலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஹமீதா நிதானமாக எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கடைசியில் இருந்த "வேறு காரணம்" என்பதை அழுத்தினார்.

திரை வெளுத்தது. நடுவில் இரண்டே சொற்கள் வந்தன.

போய் வாருங்கள்.

ஹமீதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல ஒரு புள்ள இந்த வரியை மாத்தச் சொல்லி மல்லுக்கு நிக்கிது எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீங்கதானா அது?"

"ஓம்," என்றேன். அவரிடம் எழுதியிருக்க வேண்டியதை அவர் மனைவியிடம் சொன்னேன். "அந்த வரி சரிதான்."